வெள்ளிக்கிழமை தாண்டாது

ஏலக்காய்க்குப் பேர்போன போடிநாயக்கனூரில் ஏலக்காய் இல்லாத டீ கிடைக்கும் ஒரே இடம் உங்கள் ஸ்டேஷன்தான், ஐயா. குறையாகச் சொல்லவில்லை. நல்ல காயெல்லாம் ஏலத்துக்குப் போய்விடுகிறது, ஊர்க்காரனுக்கு வாசம்தான் மிச்சம். ஆனாலும் ஒரு கொலைக் கேசுக்காவது இரண்டு காய் தட்டிப் போட்டிருக்கலாம்.

ஏட்டம்மா எழுத வசதியாக எழுத்துத் தமிழிலேயே, நிதானமாகவே சொல்கிறேன். எனக்கு இது பழக்கமான வேலைதான். பல வருஷமாகப் பெண்பிள்ளைகளை உட்கார வைத்து, நான் சொல்லச் சொல்ல எழுத வைத்தவள் நான். உங்கள் ஏட்டம்மா என் பிள்ளைகளைவிட வேகமாக எழுதுகிறார். என் வகுப்புக்கு வந்திருந்தால் நன்றாக வந்திருப்பார்.

என் பெயர் பொற்கொடி. அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். வேலையை விட்டபிறகு, இங்கே ஓர் அறக்கட்டளை நடத்தும் பயிற்சி மையத்தில் சேர்ந்தேன். இனிப் பிழைக்க மாட்டார்கள் என்று ஆஸ்பத்திரிகள் கைவிட்ட நோயாளிகளை வீட்டிலேயே வைத்து எப்படிப் பார்த்துக்கொள்வது என்று நர்ஸ் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. பிள்ளை பெற்றுக்கொள்ள இந்த ஊரில் தெருவுக்கு ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது. போய்ச் சேருவதற்கு நான் ஒருத்திதான். அதனால் ஊர் எனக்கு 'சாவு டீச்சர்' என்று பெயர் வைத்தது. முகத்துக்கு நேரே 'டீச்சர்' மட்டும்தான். முன்னால் இருப்பதை நான் தெரு தாண்டிய பிறகு சேர்த்துக்கொள்வார்கள்.

நல்ல பாடங்கள்தான் சொல்லிக்கொடுத்தேன். ஒரு பெண்ணைக் கட்டிலில் படுக்க வைத்து, 'நீதான் சாகக் கிடக்கிற, மத்தவளுக உன்னையப் பாத்துக்கிடட்டும்' என்பேன். முதல் நாள் எல்லாரும் சிரிப்பார்கள். பேசாமல் அப்படியே படுத்துக் கிடந்து, யாரோ தன்னைப் புரட்டுவதையும் துடைப்பதையும் வாங்கிக்கொண்ட பிறகு ஒருத்திகூடச் சிரிக்க மாட்டாள். புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பது, வாயைச் சுத்தம் செய்வது, காதோரம் மெதுவாகப் பேசுவது, எல்லாம் உண்டு. அழலாம், ஆனால் நோயாளி மேல் சொட்டக் கூடாது என்பதும் என் பாடத்தில் உண்டு.

நான் பெருமைப்படுகிற பாடம் ஒன்று இருக்கிறது. பால் பாடம். நம் பக்கத்தில் உயிர் போகிற நேரத்தில் உறவுக்காரர்கள் வரிசையாக வந்து சங்கில் பால் ஊற்றுவார்கள். விழுங்கத் தெம்பில்லாதவர் வாயில் ஊற்றுகிற பால் வயிற்றுக்குப் போகாது, மூச்சுக்குழலுக்குப் போகும். பாசம் பாதி ஆளைக் கொல்லும், பால் மீதியைக் கொல்லும் என்று வகுப்பில் சொல்வேன். அதற்காக ஊற்றாதே என்றால் ஊர் கேட்குமா? 'எங்க அய்யாவுக்குக் கடைசிப் பால் ஊத்த விடலயே' என்று பரம்பரை பரம்பரையாகத் திட்டுவார்கள். அதனால் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். சின்னப் பஞ்சை உருட்டிப் பாலில் நனைத்துக் கொடுப்பேன். ஒவ்வொருவரும் உதட்டில் தொட்டு வைத்துவிட்டு நகர வேண்டியது. சடங்கும் ஆச்சு, மூச்சும் தப்பியாச்சு. மதுரையிலிருந்து வந்த பெரிய டாக்டர்கள் இதைப் பார்த்துவிட்டுக் கைதட்டினார்கள்.

அந்தப் பஞ்சை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஐயா. பின்னால் வேண்டியிருக்கும்.

இனி நாள் சொல்லும் விஷயத்துக்கு வருகிறேன். சாகக் கிடக்கிற வீட்டில் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான். வலி குறையுமா என்று கேட்க மாட்டார்கள், சாப்பிடலாமா என்று கேட்க மாட்டார்கள். 'எத்தன நாளு?' என்பார்கள். டாக்டர் மேலே கையைக் காட்டுவார். மேலே இருப்பவர் யாரிடமும் பேசுவதில்லை. நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் புத்தகத்தில் போட்டிருந்தபடி, அதையெல்லாம் சொல்ல முடியாது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போது தேவாரத்தில் ஒரு பெரியவர் படுக்கையில் இருந்தார். அவருக்கு மகன்கள் மூன்று பேர். வழக்கமான கேள்வியைக் கேட்டார்கள், வழக்கமான பதிலைச் சொன்னேன். அன்றைக்குப் பொழுது சாய, காட்டில் யானை இறங்கிவிட்டது என்று தகவல் வந்து, மூன்று பேரும் சோளத்தைக் காப்பாற்றப் போனார்கள். அவர்கள் திரும்புவதற்குள் பெரியவர் போய்விட்டார். பக்கத்தில் இருந்தது கட்டிப் போட்டிருந்த ஓர் ஆடு மட்டும்தான். மூத்தவன் என் முன்னால் வந்து நின்று, 'ஒரு வார்த்தை சொல்லியிருந்தீகன்னா, சோளம் போனாப் போகுதுன்னு இருந்திருப்பமேம்மா' என்று அழுதான். வளர்ந்த ஆண்பிள்ளை, மீசை எல்லாம் நனைய அழுதான். எனக்கு அது உண்மையாகவே வலித்தது.

அதற்குப் பிறகு நான் சொல்ல ஆரம்பித்தேன். பாதத்தின் சில்லிப்பு, முழங்காலின் நிறம், மூச்சு விட்டுவிட்டு வரும் விதம், இதையெல்லாம் பார்த்துப் பழகினால் ஓரளவு தெரியும். 'புதன் தாண்டாது', 'அமாவாசைக்குள்ள' என்று சொல்வேன். சொன்னபடி நடந்தது. திருப்பூரிலிருந்தும் கேரளத் தோட்டங்களிலிருந்தும் பிள்ளைகள் நேரத்துக்கு வந்து கையைப் பிடித்துக்கொண்டு வழியனுப்பினார்கள். நான் ஒரு வீட்டுக்குள் போய்விட்டு வந்தால் பந்தல்காரர் வண்டியை நிறுத்தி, 'எப்ப டீச்சர்?' என்பார். மலையில் மழை பிடிக்கிற காலத்தில் ஜீப்புக்காரர்கள் என்னைக் கேட்டுவிட்டுத்தான் லோடு ஏற்றினார்கள். சாவு வீட்டுக்கு ஆட்களை இறக்க வண்டி வேண்டுமே. டீச்சர் சொன்னால் சொன்னதுதான் என்று ஊரே சொன்னது. எமன்கூட என்னைக் கேட்டுத்தான் எருமையை அவிழ்ப்பான் என்று ஒரு பேச்சு.

ஒருமுறைகூடத் தப்பவில்லையா என்று புருவத்தைத் தூக்குகிறீர்கள். இத்தனை வருஷத்தில் இந்த ஊரில் ஒருவருக்கும் அந்தப் புருவம் உயரவில்லை, ஐயா. அதிர்ஷ்டத்தை யாரும் விசாரிப்பதில்லை.

இப்போது மொக்கச்சாமி. குரங்கணிக்கு மேலே கொஞ்சம் ஏலத்தோட்டம் வைத்திருந்தார். வீடு போடியில், மேற்கு ஓரத்தில். நுரையீரலில் கட்டி. பெரிய ஆஸ்பத்திரியில் காட்டி, 'வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க' என்ற புகழ்பெற்ற வைத்தியத்தை வாங்கிக்கொண்டு வந்திருந்தார்கள். ஒரு திங்கட்கிழமை அவர் சம்சாரம் மூக்கம்மாள் என்னைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். நாலைந்து நாளாகச் சோறும் இல்லை, தண்ணீரும் இல்லை. கூப்பிட்டால் ஒரு முனகல். பாதம் சில்லிட்டிருந்தது. எனக்கு யோசிக்க ஒன்றுமில்லை. அவர் மகன் விஜயபாண்டி குவைத்தில் வேலை பார்க்கிறான். அவனைக் கூப்பிடச் சொல்லிவிட்டு, 'வெள்ளிக்கிழமை தாண்டாது' என்றேன்.

வீட்டில் கூட இருந்து பார்த்துக்கொள்ளப் பவதாரணியை விட்டுவிட்டு வந்தேன். என் பயிற்சிப் பிள்ளைகளில் அவள்தான் கெட்டிக்காரி. கேள்வி கேட்கிற பிள்ளை. அதை நான் அப்போது நல்ல குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பவதாரணி முதல் வேலையாக மொக்கச்சாமியின் வாயைத் திறந்து பார்த்திருக்கிறாள். நான் காலைப் பார்த்தேன், அவள் வாயைப் பார்த்தாள். நாக்கு, அண்ணம், தொண்டை வரைக்கும் வெள்ளை வெள்ளையாகப் புண். மனுஷன் சாப்பாட்டை வெறுக்கவில்லை, விழுங்க முடியாமல் கிடந்திருக்கிறார். சாகப்போகிறவர் சாப்பிட மாட்டார் என்று எங்களுக்கு ஒரு பாடம் உண்டு. அந்தப் பாடத்தை ரொம்ப நாள் ஓதியவர்களுக்கு, சாப்பிடாதவர் எல்லாரும் சாகப்போகிறவராகத் தெரிய ஆரம்பித்துவிடும். அவள் புதுசு. அதனால் அவளுக்குப் புண் தெரிந்தது.

டாக்டரிடம் போனில் கேட்டு மருந்து வாங்கித் தடவி, வாயைக் கழுவி, கரண்டி கரண்டியாகத் தண்ணீரும் கஞ்சியும் ஊட்டியிருக்கிறாள். தலையை உயர்த்தி, பக்கவாட்டில் சாய்த்து, ஒரு வாய் விழுங்கியதைப் பார்த்த பிறகு அடுத்த வாய். அத்தனையும் நான் சொல்லிக்கொடுத்தது. வியாழக்கிழமை விஜயபாண்டி விமானத்திலிருந்து இறங்கி, அழுதுகொண்டே வீட்டுக்குள் நுழைந்தால், அப்பா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, தோட்டத்துக்கு இன்னும் மருந்து அடிக்கவில்லை என்று போனில் யாரையோ வைதுகொண்டிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை காலையில் நான் போனேன். வாசலில் செருப்புக் குவியல். குரங்கணி மேலிருந்தும் தேவாரத்திலிருந்தும் உறவுக்காரர்கள் என் சொல்லை நம்பி வந்திறங்கியிருந்தார்கள். ஒப்பாரி வைக்க வந்த பெண்கள் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஒரே சிரிப்பு.

"வாங்க டீச்சர்" என்றார் மொக்கச்சாமி. குரல் கரகரவென்று இருந்தது, ஆனால் இருந்தது. "எனக்கு நாள் குறிச்சுட்டீகளாமே. இன்னைக்கு எனக்குக் கொஞ்சம் சோலி கெடக்கு. வேற ஒரு நல்ல நாளாப் பாத்துச் சொல்லுங்க."

வீடே குலுங்கியது. சன்னலுக்கு வெளியே நின்றவர்கள்கூடச் சிரித்தார்கள். பந்தல்காரரும் வந்திருந்தார், அவர்தான் சத்தமாகச் சிரித்தார். நானும் சிரித்தேன், ஐயா. நான் சிரிக்கவில்லை என்று யாராவது சாட்சி சொன்னால் அது பொய்.

"கருவாட்டுக் கொழம்பு வேணுங்கிறாரு டீச்சர், குடுக்கலாமா?" என்று மூக்கம்மாள் கேட்டார். கண்ணெல்லாம் ஈரம், வாயெல்லாம் பல். விஜயபாண்டி, லீவை நீட்டிக் கேட்டிருப்பதாகச் சொன்னான். "அப்பா கூட ஒரு மாசம் இருந்துட்டுப் போறேன் டீச்சர். எல்லாம் இந்தத் தங்கச்சி புண்ணியம்" என்று பவதாரணியைக் காட்டினான். அவள் கூச்சப்பட்டுக் கீழே பார்த்தாள்.

வெளியில் பார்த்தால் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். ஆனால் எனக்கு அனுபவம் இருக்கிறது. கடல் தாண்டி வந்த மகன், வேலையைப் போட்டுவிட்டு வந்த சனம், வாடகைக்கு வந்த ஜீப்புகள். இன்றைக்குச் சிரிப்பார்கள். ஒரு மாசமோ இரண்டு மாசமோ கழித்து அந்தக் கட்டி தன் வேலையைக் காட்டும்போது மறுபடி எல்லாரும் வர வேண்டும். வருவார்களா? 'போன தடவையும் இப்படித்தான சொன்னாக' என்பார்கள். மொக்கச்சாமியோடு போகிற விஷயமா இது? அடுத்த வீட்டில் நான் நாள் சொன்னால் அந்த மகன் சோளக்காட்டுக்குப் போய்விடுவான். அப்பா பக்கத்தில் ஆடு நிற்கும். ஒரு ஆளுக்காக இத்தனை வீட்டுச் சாவையும் கெடுப்பதா என்று யோசித்தேன். நீங்களும் நிதானமாக யோசித்தால் இந்த இடத்துக்குத்தான் வருவீர்கள்.

மத்தியானம் பவதாரணியைப் பஞ்சும் துணியும் வாங்கிவர பஜாருக்கு அனுப்பினேன். வலி மருந்து என் பையில்தான் இருக்கும். பூட்டும் சாவியும் என்னிடம்தான். மொக்கச்சாமிக்கு அன்றைக்கு வலி இல்லை. வலி இல்லாதவருக்கு வலி மருந்து கொடுப்பது வீண் என்று வகுப்பில் கண்டிப்பாகச் சொல்வேன். அன்றைக்குக் கொஞ்சம் வீண் செய்தேன். தேனில் குழைத்துக் கொடுத்தேன்.

"என்னா டீச்சர், தேன் கசக்குது?"

"மலைத்தேன் அப்படித்தான் இருக்கும்."

"மலைத்தேன எனக்கே சொல்லித் தர்றீகளா" என்று சிரித்தார். சிரித்துவிட்டு, டீச்சர் கொடுத்ததாயிற்றே என்று முழுசையும் குடித்தார். நல்ல மனுஷன்.

பொழுது இறங்கும்போது மூச்சு குறட்டையாக மாறியது. தட்டி எழுப்பினால் கண் திறக்கவில்லை. தலையணையை எடுத்துவிட்டு மல்லாக்கப் படுக்க வைத்தேன். வெளியே வந்து, நேரம் வந்துவிட்டது, பால் ஊற்றுகிறவர்கள் வரலாம் என்றேன்.

மூக்கம்மாள் கையில் கருவாட்டுச் சட்டியோடு அப்படியே நின்றார். "இப்பத்தான டீச்சர் நல்லா இருந்தாரு? கொழம்பு கேட்டாரே?"

"அணையப் போற வெளக்கு பிரகாசமா எரியும் ஆத்தா. உங்களுக்குத் தெரியாததா?" என்றேன்.

அதற்கு மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை. இது எல்லாருக்கும் தெரிந்த பழமொழி. நாலு நாள் கஞ்சி குடித்துத் தேறியதெல்லாம் விளக்கு எரிந்த கணக்கில் சேர்ந்துவிட்டது. காலையில் சிரித்தவர்கள் எல்லாம், டீச்சர் சொன்னது சரியாப் போச்சே என்று மூக்கைச் சிந்தினார்கள். பந்தல்காரர் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

மகன் முதலில், சம்சாரம் அடுத்து, பிறகு ஒவ்வொருவராக. சங்கு நிறையப் பால். நான் ஒரு சொட்டும் ஊற்றவில்லை, அதை ஏட்டம்மா தனியாக எழுதிக்கொள்ளட்டும். பவதாரணி பாதியில் வந்தாள். கையில் பஞ்சு. வந்ததும் வராததுமாக உருட்டப் போனாள். "டீச்சர், சங்குல ஊத்துறாங்க… பொரையேறுது டீச்சர்" என்றாள்.

"இன்னைக்குப் பஞ்சு வேணாம். குடும்பத்து மனசு முக்கியம்" என்றேன். அதுவும் என் பாடம்தான். பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

பால் தீர்ந்தது, மொக்கச்சாமி தீரவில்லை. இருமினார், முனகினார், மறுபடி மூச்சு விட்டார். உறவில் ஒரு பெரியவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இது மண்ணாசை. தோட்டத்து மேல உசுரு நிக்குது" என்றார். ஆசை நிற்கிற மண்ணைக் கரைத்து வாயில் விட்டால் உயிர் நிம்மதியாகப் பிரியும் என்பது இங்கே ஒரு வழக்கம். விஜயபாண்டி அழுதுகொண்டே ஜீப்பை எடுத்துக்கொண்டு குரங்கணிக்கு மேலே போனான். ஏலச்செடி வேரடியிலிருந்து ஒரு பிடி மண் கொண்டுவந்தான். அதைத் தண்ணீரில் கரைத்து, கல் இருந்து தொண்டையில் குத்திவிடக் கூடாது என்று வேட்டித் துணியில் இரண்டு தடவை வடிகட்டினான். பாசமான பிள்ளை. அவனே ஊற்றினான்.

இனி என் வேலை ஒன்றுமில்லை என்று பட்டது. பயிற்சியில் இருக்கிற பிள்ளை ஒரு மரணத்தையாவது டீச்சர் துணையில்லாமல் பார்க்க வேண்டும் என்பது எங்கள் விதி. பவதாரணியிடம் அதைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். ரசம் சாதம் சாப்பிட்டேன். நன்றாகத் தூங்கினேன்.

காலையில் போன் வந்தது. "அப்பா போயிட்டாரு டீச்சர்" என்றான் விஜயபாண்டி. நீங்கள் சொன்ன நாளிலேயே ஆகிவிட்டதே என்று எல்லாரும் சொல்வது வழக்கம். அவன் அதைச் சொல்லவில்லை. துக்கத்தில் மறந்திருப்பான் என்று நினைத்தேன்.

மாலை வாங்கிக்கொண்டு போனேன். கொட்டு முழங்கிக்கொண்டிருந்தது. பாடை கட்டி முடித்திருந்தார்கள். அதன் கால்மாட்டுப் பக்கத்தில் ஒரு கோழிக்குஞ்சைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

ஐயா இந்தப் பக்கத்துக்காரர்தானே, உங்களுக்கு விளக்க வேண்டாம். சனிப்பொணம் தனிப்போகாது என்பார்கள். சனிக்கிழமை செத்தவர் துணைக்கு இன்னொருவரைக் கூப்பிட்டுக்கொள்வாராம். அதனால் துணைக்கு ஒரு கோழி. வெள்ளிக்கிழமைச் சாவுக்குக் கோழி கிடையாது. பாடை தெருத்தெருவாகப் போகும். பஜாரைத் தாண்டிப் போகும். பார்க்கிறவர்கள் எல்லாரும் கோழியைப் பார்ப்பார்கள். அங்கே தொங்கியது கோழியில்லை, என் பெயர்.

விஜயபாண்டியைத் தனியாகக் கூப்பிட்டிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் இன்றைக்கு இந்த டீ எனக்குக் கிடைத்திருக்காது. அவசரப்பட்டுவிட்டேன்.

"தம்பி, கோழி எதுக்கு? அவுத்து விடுங்க" என்றேன்.

"இன்னைக்குச் சனிதான டீச்சர்."

"உசுரு நேத்தே போயாச்சு. நீங்க காலைல கவனிச்சிருக்கீங்க, அவ்வளவுதான்."

அப்போது பவதாரணி பேசினாள். கண் இரண்டும் வீங்கியிருந்தது. சேலை முந்தானையெல்லாம் பால் கறையும் மண் கறையும்.

"இல்ல டீச்சர். எல்லாரும் அசந்த பெறகு ஒருக்களிச்சுப் படுக்க வச்சேன். வாயில இருந்த மண்ணு, பாலு எல்லாம் வழிச்சு வழிச்சு எடுத்தேன். தலைய என் மடியில தூக்கி வச்சிக்கிட்டேன். விடியுற வரைக்கும் இருந்தாரு. மலையில வெயில் விழுந்தத நான் பாத்தேன். அப்பக் கண்ணு முழிச்சு, என் கையப் பிடிச்சு, 'ஆத்தா, பசிக்குது'ன்னாரு. பெறகுதான் டீச்சர் போனாரு."

நான் சொல்லிக்கொடுத்ததில் ஒன்றைக்கூட அவள் விடவில்லை, ஐயா. அவ்வளவு சுத்தமாகச் செய்திருக்கிறாள். எனக்கு வந்த கோபத்தை உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. இத்தனை ஜனம் நிற்கிறது, ஒரு பயிற்சிப் பிள்ளை என்னைத் திருத்துகிறாள்.

"இருக்க முடியாது" என்றேன். குரலை உயர்த்தவில்லை, வகுப்பில் சொல்வது போலத்தான் சொன்னேன். "நான் குடுத்ததுக்குப் பெறகு, இதுவரைக்கும் யாரும் விடியுற வரைக்கும் இருந்ததில்ல."

கொட்டு நின்றது. கோழி மட்டும் கத்திக்கொண்டிருந்தது.

"என்னத்தக் குடுத்தீக டீச்சர்?" என்று பவதாரணி கேட்டாள்.

மூக்கம்மாள் அழவில்லை. தன் வலது கையைத் தூக்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். சங்கைப் பிடித்த கை. பிறகு மகனைப் பார்த்தார். விஜயபாண்டி அந்த இடத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து வாந்தி எடுத்தான். அவர்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கவே வேண்டியதில்லை. நிம்மதியாகப் பால் ஊற்றி வழியனுப்பினோம் என்று காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அந்த நிம்மதியைத்தான் நான் கொடுக்க நினைத்தேன். கெடுத்தது பவதாரணி.

மற்றவர்களைப் பற்றிக் கேட்கிறீர்கள். யார் யார், எத்தனை பேர் என்று. மறைக்கவில்லை, ஐயா, எனக்கே பிரித்துச் சொல்ல வராது. நிறையப் பேர் நாணயமாகத் தாமாகவே சொன்ன நாளில் போனார்கள். சிலர் கொஞ்சம் தயங்கினார்கள். தயங்கியவர்களுக்குத் தேன் கொடுத்தேன். யாரும் கஷ்டப்படவில்லை. பிள்ளைகள் எல்லாரும் பக்கத்தில் இருந்தார்கள். யாருடைய பக்கத்திலும் ஆடு நிற்கவில்லை. அதை வேண்டுமானால் விசாரித்துப் பாருங்கள்.

மொக்கச்சாமியைக் கொன்றது நான்தான். பாலும் மண்ணும் அவர்கள் கை. கொன்றது என் கை. இதை வளைத்து எழுத வேண்டாம், நேராகவே எழுதுங்கள் ஏட்டம்மா. பவதாரணிக்குச் சான்றிதழ் கொடுக்கச் சொல்லி மையத்துக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். எல்லாவற்றிலும் தேறிவிட்டாள். நாள் சொல்ல மட்டும் அவளுக்கு வராது, வரவும் வேண்டாம் என்கிறாள். போகப் போகப் புரியும்.

வாசித்துக் காட்டியதைக் கேட்டேன். எல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது. ஒரே ஓர் இடத்தைத் திருத்திவிட்டால் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். இறந்த நாள் சனிக்கிழமை என்று எழுதியிருக்கிறீர்கள். மலையில் வெயில் விழுந்ததைப் பார்த்தேன் என்றுதானே அந்தப் பிள்ளை சொன்னாள்? நம் ஊருக்கு மலை மேற்கே இருக்கிறது. கிழக்கே சூரியன் தலைகாட்டும்போது முதலில் வெயில் படுவது குரங்கணி உச்சியில். அது இறங்கி இறங்கி ஊருக்கு வந்து சேர வெகுநேரம் ஆகும். பொழுது விடிகிற வரைக்கும் முந்தின நாள் கணக்கு என்பது நம் வழக்கம். மலையில் விழுந்த வெயிலை ஊருக்குக் கணக்கில் எடுக்கக் கூடாது, ஐயா. மொக்கச்சாமி வீட்டு ஜன்னலில் அப்போது இன்னும் வெள்ளிக்கிழமைதான்.